ஊட்டிக் குளிரை நம்பி ஹஸ்கி வாங்கலாமா?

போன டிசம்பரில் ஒரு சாயங்காலம். வெளியே நல்ல பனி. ஊட்டியில் என் வைத்தியசாலைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மூட்டுவலி. தைலமும் சூரணமும் வாங்கிக்கொண்டு எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். நீங்க சிரிக்கக் கூடாது. ஒரு ஹஸ்கி நாய்க்குட்டி வாங்கலாம்னு இருக்கோம். அது பனிப் பிரதேச நாயாம். சென்னையில, மதுரையில வளர்க்கிறது பாவம்னு சொல்றாங்க. நம்ம ஊர்லதான் குளிர் இருக்கே! இங்க வளர்க்கலாமில்ல?"

நான் சிரிக்கவில்லை. அவரை மறுபடி உட்காரச் சொன்னேன். ஏனென்றால் இந்த மலைக்கு வந்த பிறகு இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்காமலே வாங்கி விட்டு அப்புறம் கையைப் பிசைந்து கொண்டு நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

'நாய்க்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாய்க்கு நோய் வந்தால் பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான், நான் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் நாய் வந்தால் அந்த வீட்டு மனிதர்களின் உடம்பும் மனசும் மாறுகின்றன. நல்லதும் நடக்கிறது, கெட்டதும் நடக்கிறது. அந்தக் கதை முழுக்க என் முன்னால் வந்துதான் உட்காருகிறது. தவிர, பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, 'நிலத்தையும் பொழுதையும் பார்க்காமல் ஓர் உடம்பைப் பற்றிப் பேசாதே' என்பது. ஹஸ்கி விஷயத்திலும் அதே பாடம்தான்!

எந்த ஊர் நாய் இது?

சைபீரியன் ஹஸ்கியின் பூர்வீகம் ரஷ்யாவின் வடகிழக்கு மூலை. அங்கே வாழும் சுக்சி இன மக்கள் பனியில் சறுக்குவண்டி இழுக்க இந்த நாய்களை வளர்த்தார்கள். அதிக பாரத்தை இழுப்பது இதன் வேலை அல்ல. குறைந்த பாரத்தை, நிதானமான வேகத்தில், வெகு தூரம் இழுத்துப் போக வேண்டும். குறைவாகத் தின்று நிறைய ஓட வேண்டும். தலைமுறை தலைமுறையாக அதற்கென்றே வளர்க்கப்பட்ட உடம்பு அது.

1908-09 வாக்கில் இந்த நாய்கள் கடல் தாண்டி அமெரிக்காவின் அலாஸ்காவுக்குப் போயின. அங்கே 1925-ல் நடந்த ஒரு சம்பவம், மருத்துவம் படித்த எவரையும் நெகிழ வைக்கும். நோம் என்ற சிறு ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து எங்கேயோ இருக்கிறது. கடல் உறைந்து கிடக்கிறது. விமானமும் போக முடியவில்லை. கடைசியில் சுமார் 20 வண்டியோட்டிகள் ஒருவர் மாற்றி ஒருவராக, சுமார் 150 நாய்களை வைத்து, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து அந்த மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். மிகக் கடினமான பகுதியைக் கடந்த அணிக்குத் தலைமை தாங்கியது டோகோ என்ற ஹஸ்கி. ஊருக்குள் மருந்தோடு நுழைந்த அணியில் முன்னால் வந்தது பால்டோ.

இப்போது யோசியுங்கள். அந்த வம்சத்துக் குட்டியைக் கொண்டு வந்து இரண்டு படுக்கையறை வீட்டில் கட்டிப் போட்டால் அது என்ன செய்யும்?

ஊட்டிக் குளிர் போதுமா?

ஹஸ்கிக்கு இரட்டைக் கம்பளி உண்டு. உடம்பை ஒட்டி மெத்தென்று ஓர் அடுக்கு. அதன் மேல் நீளமாக, ஈரம் ஒட்டாத இன்னோர் அடுக்கு. பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போனாலும் மூக்கைத் தன் வாலால் மூடிக்கொண்டு பனியிலேயே தூங்கும்.

நம் ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி விழுகிறது. நாம் ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு நடுங்குகிறோம். ஹஸ்கிக்கோ இது இதமான வசந்தகாலம், அவ்வளவுதான்!

ஆனால் வருஷம் முழுக்க டிசம்பரா? மார்ச் முதல் மே வரை பகல் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி செல்சியஸ் பதிவாகி எல்லாரையும் திகைக்க வைத்தது. குன்னூர் ஊட்டியை விடத் தாழ்வு, வெப்பமும் கூடுதல். கோத்தகிரிச் சரிவுகளிலும் அப்படித்தான். ஆகவே, 'தமிழ்நாட்டில் ஹஸ்கிக்குக் கொஞ்சமாவது ஏற்ற ஊர் ஊட்டி' என்று சொல்லலாம். 'ஹஸ்கிக்கு ஏற்ற ஊர் ஊட்டி' என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. அதனால் சூடு தணிகிறது. நாய்க்கு வியர்வை பாதங்களில்தான் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பனிக்கென்று தைத்த கம்பளிக்குள் இருக்கிற ஹஸ்கிக்கு இது ரொம்பக் கஷ்டம். 'மொட்டையடித்து விட்டால் சரியாப் போகுமே' என்று சிலர் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மேல் முடி வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்து போகும்; முடியும் பழையபடி வளராமல் போகலாம்.

சந்தோஷங்கள்

முதலில் நல்ல சேதி சொல்கிறேன்.

கேத்திப் பக்கம் என்னிடம் மருந்து சாப்பிடும் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கிறார். சர்க்கரை நோயாளி. 'நடங்க சார், நடங்க சார்' என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். 'குளிரா இருக்கு, மேடா இருக்கு, மழை வருது' என்று தினம் ஒரு சாக்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஆசைக்கு ஒரு ஹஸ்கி வாங்கி, அங்கே அடுக்குமாடி வீட்டில் சமாளிக்க முடியாமல் அப்பாவிடம் கொண்டு வந்து விட்டு விட்டான். போலோ என்று பெயர்.

போலோவிடம் சாக்குப் போக்கு செல்லுபடியாகுமா? காலை ஐந்தரைக்கு வந்து போர்வையை இழுக்கும். எழுந்திருக்காவிட்டால் ஓநாய் மாதிரி ஊளையிடும். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம். ஒரே வருஷத்தில் அவருடைய சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மாத்திரையும் குறைந்தது. (அவருக்கு மாத்திரை எழுதும் டாக்டர் பார்த்துக் குறைத்தது, நீங்களாகக் குறைக்காதீர்கள்!)

"டாக்டர், நீங்க அஞ்சு வருஷமா சொன்னதை இது அஞ்சு நாள்ல செய்ய வச்சிட்டுது" என்று சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்!

இன்னொன்று. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் பேச்சே இருக்காது. ஹஸ்கி இருந்தால் பேச்சு வந்து விடும். அது குரைப்பது குறைவு. ஆனால் விதவிதமாக முனகும், ஊளையிடும், பதில் சொல்வது போலவே சத்தம் கொடுக்கும். சிலதுக்கு இரண்டு கண்ணும் நீலம். சிலதுக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாற்றம் குறைவு. பூனையைப் போலத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். உடம்புக்கு ஏற்ற சாப்பாடு கொடுத்தால் போதும், அதிகம் தின்னாது. பெரும்பாலும் குழந்தைகளிடம் அன்பாகவே இருக்கும்.

சங்கடங்கள்

இனி அடுத்த பக்கம்.

வீட்டுக் காவலுக்கு என்று வாங்கினால் ஏமாந்து போவீர்கள். திருடன் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு போகிற ஜாதி இது. ஊர்க்காரர் எல்லாரும் அதற்குச் சொந்தக்காரர்கள்தான்.

ஓட்டம் இல்லாவிட்டால் அதற்குப் பைத்தியம் பிடித்தது போல் ஆகி விடும். சோபாவைக் கிழிக்கும், செருப்பைக் குதறும், தோட்டத்தைப் பள்ளம் பள்ளமாகத் தோண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் நடையோ ஓட்டமோ கட்டாயம். மழைக்காலத்திலும்தான்.

வேலி தாண்டுவதிலும் வேலிக்கு அடியில் தோண்டுவதிலும் மன்னன். அவிழ்த்து விட்டால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக் கோழி, பூனை, முயல் எதைக் கண்டாலும் துரத்தும். ஆகவே வெளியே போனால் கழுத்தில் வார் இருந்தே ஆக வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு முறை அடி முடி கொத்துக் கொத்தாக உதிரும். அந்த மூன்று வாரம் சாம்பாரிலும் முடி, சாமி அறையிலும் முடி! தினமும் சீவி விடப் பொறுமை வேண்டும்.

நம் மலைக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. அது சிறுத்தை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக் குடியிருப்புகளுக்குள் இரவில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப் போவது நமக்குப் புதிதல்ல. வாசலில் கட்டி வைத்த நாய் அதற்குச் சுலபமான சாப்பாடு. 'குளிர் நாய்தானே, வெளியே தூங்கட்டும்' என்று விட்டு விடாதீர்கள். பொழுது சாய்ந்தால் நாய் வீட்டுக்குள், கதவு அடைத்து. தேயிலைத் தோட்டத்தில் விடிவதற்கு முன் நடந்தால் காட்டுமாடும் கரடியும் எதிரே வரலாம். நாய் சும்மா இருக்காது. போய் வம்புக்கு இழுத்து விட்டு உங்களிடமே திரும்பி ஓடி வரும். பின்னால் வருவது யார் என்று சொல்லத் தேவையில்லை!

நம்மால் காட்டுக்கும் கெடுதல் வரக்கூடாது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் காட்டு மிருகங்களுக்கும் தொற்றும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நம் காடுகளில் செந்நாய்கள் இருக்கின்றன. ஆகவே டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளை உங்கள் நாய்க்காக மட்டுமல்ல, காட்டுக்காகவும் போடுங்கள். மழைக்காலத்தில் நடை முடிந்து வந்ததும் விரல் இடுக்கில் அட்டையும், காது மடலில் உண்ணியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மலை இறங்கும்போது கவனம்!

அந்த ஆசிரியர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். நாயை யாரிடம் விடுவது? காரிலேயே ஏற்றிக்கொண்டார்கள். கிளம்பும்போது ஊட்டியில் ஜிலுஜிலுவென்று காற்று. ஜன்னலைத் திறந்து விட்டு நாயும் குஷியாக வந்தது.

மேட்டுப்பாளையம் ஊட்டியை விட ஏறக்குறைய 1,900 மீட்டர் தாழ்வு. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 6 டிகிரி வெப்பம் கூடும். அதாவது இரண்டு மணி நேரப் பயணத்தில் 11, 12 டிகிரி ஏறி விடுகிறது! நமக்கு ஸ்வெட்டரைக் கழற்றினால் தீர்ந்தது. ஹஸ்கி எதைக் கழற்றும்?

மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி விட்டு, எல்லாரும் காபி சாப்பிடப் போனார்கள். இருபது நிமிஷம். திரும்பி வந்து பார்த்தால் போலோ வாயில் கெட்டியாக எச்சில் வடிய, ஈறு செக்கச்செவேலென்று, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தது.

பயந்து போய் எனக்கு போன் செய்தார். "டாக்டர், மோர் ஊத்தட்டுமா?" என்றார். "வாயில எதையும் ஊத்தாதீங்க சார், மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். நிழலுக்குத் தூக்கிட்டு வாங்க. குழாய்த் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்துங்க. விசிறிக்கிட்டே இருங்க. அப்படியே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றேன். போகிற வழியில் காரில் ஏசியைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து எழுந்தது. கல்யாணத்தை யாரும் பார்க்கவில்லை.

நாயின் இயல்பான உடல் சூடு நம்மை விடக் கொஞ்சம் அதிகம்: சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 105, 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நேரம் நிமிஷக் கணக்கில்தான். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டு விடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்து விடும். தண்ணீர் ஊற்றுவதும் காற்று படுவதும்தான் முக்கியம். நிறுத்திய காரில் ஒரு நிமிஷம்கூட நாயைத் தனியே விடாதீர்கள். கூடுமானால் கோடையில் மலை இறக்கவே வேண்டாம்.

நம் கைவைத்தியம் நாய்க்கு ஆகாது

இதைச் சித்த வைத்தியனாகிய நானே சொல்வதால் நீங்கள் நம்ப வேண்டும்.

நீலகிரித் தைலம் இல்லாத வீடு ஊட்டியில் உண்டா? நமக்குச் சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோம். அதே பாசத்தில் நாய்க்கும் மூக்கில் தடவுகிறார்கள். உண்ணி போகட்டும் என்று உடம்பிலும் பூசுகிறார்கள். நாய் அதை நக்கும். நீலகிரித் தைலம் நாய் வயிற்றுக்குள் போனால் விஷம். வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். கற்பூரமும் அப்படித்தான்.

பூண்டும் வெங்காயமும் நமக்கு மருந்து. நாய்க்கு அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும். ஆகவே சாம்பார் சாதம், பிரியாணி மிச்சம் எல்லாம் வேண்டாம். திராட்சை, உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் மிதப்பது உங்களுக்கு மட்டும்! ஊட்டி என்றாலே வீட்டுக்கு வீடு சாக்லேட். அதுவும் நாய்க்கு விஷம்தான். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துப் போடுவதும் ஆபத்து. வேக வைத்த கோழி எலும்பு குடலைக் குத்தும்.

அப்படியானால் என்ன கொடுப்பது? காரம், உப்பு, தாளிப்பு இல்லாமல் வேக வைத்த சோறு, எலும்பு நீக்கிய கோழி, வேக வைத்த முட்டை, காரட், பூசணி. அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இனத்தில் சிலதுக்குத் துத்தநாகச் சத்தை உடம்பு சரியாக ஏற்பதில்லை. கண், வாய் ஓரங்களில் முடி கொட்டித் தோல் தடித்தால் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கண்புரையும் இளம் வயதிலேயே வரக்கூடும்.

பல் பட்டால்... நகம் பட்டால்...

ஒரு வீட்டில் மூன்று மாதக் குட்டி. பேரன் அதோடு விளையாடும்போது பல் பட்டுக் கையில் ரத்தம் கசிந்தது. பாட்டி சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசி விட்டு, மறுநாள் என்னிடம் கூட்டி வந்தார். "நாய்க்கடிக்கு உங்கள்ட்ட பச்சிலை இருக்குமே டாக்டர்?" என்று கேட்டார்.

"இல்லைம்மா" என்றேன். "வெறிநாய்க்கடிக்கு என்னிடம் பச்சிலை இல்லை. யாரிடமும் இல்லை."

பாட்டிக்கு என் மேல் நம்பிக்கையே போய் விட்டது போலிருந்தது. பரவாயில்லை. நான் என் மருத்துவத்தை நேசிக்கிறவன். அதனால்தான் அது எங்கே உதவும், எங்கே உதவாது என்று சொல்லக் கடமைப்பட்டவன். ரேபிஸ் என்ற அந்த நோய் மூளையைத் தொட்டு அறிகுறி தெரிந்து விட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அறிகுறி வருவதற்கு முன்னால் தடுத்து விடலாம். அதுதான் விசேஷம்.

கடியோ, நகக் கீறலோ, புண்ணில் நாய் நக்கியதோ, எதுவானாலும் உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித் தூள், எண்ணெய், எதுவும் வேண்டாம். கட்டுப் போட வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி போடுவார்கள். ரத்தம் வந்த காயமானால் அதைச் சுற்றி இன்னொரு எதிர்ப்புப் புரத மருந்தும் போட வேண்டியிருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பதெல்லாம் பழங்கதை. 'நம்ம வீட்டு நாய்தானே, குட்டிதானே' என்ற சமாதானமும் வேண்டாம். குட்டிக்கும் ரேபிஸ் வரும். அந்தப் பேரனை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன்.

இதைச் சொல்லும்போது நம் மலைக்கு ஒரு பெருமை இருப்பதையும் சொல்ல வேண்டும். 1902-ல் இந்த நோயால் ஓர் ஆங்கிலேயப் பெண் இறந்தார். அந்தத் துயரத்தை ஒட்டி, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் தந்த நன்கொடையில் உருவானதுதான் குன்னூர் பாஸ்டர் நிலையம். 1907 ஏப்ரல் 6-ல் அது தொடங்கியது. வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்கே பெயர் பெற்ற அந்த நிலையம், பிற்பாடு குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியும் தயாரித்தது. அந்த மூன்றில் ஒன்று எதற்கு என்று தெரியுமா? அன்றைக்கு நோம் ஊருக்கு நாய்கள் மருந்து சுமந்து போனதே, அதே தொண்டை அடைப்பானுக்குத்தான்!

உங்கள் ஹஸ்கிக்கு மூன்று மாத வயதில் ரேபிஸ் ஊசி போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பிறகு வருஷா வருஷமும் போடுங்கள். குடற்புழு மருந்தும் காலத்தில் கொடுங்கள். குழந்தைகள் நாயோடு விளையாடி விட்டுக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வாங்கும் முன்னால் யோசியுங்கள். முடியைவிட நாயின் தோல் செதிலிலும் எச்சிலிலும் உள்ள புரதம்தான் ஒவ்வாமை தருகிறது. ஹஸ்கி உள்ள ஒரு வீட்டுக்கு நாலைந்து முறை போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மூச்சு இழுத்தால் அந்த ஆசையை விட்டு விடுங்கள். ஆடாதோடைக் கஷாயம் குடித்துக்கொண்டே நாய் வளர்க்கலாம் என்று என்னிடம் வராதீர்கள். மூட்டுத் தேய்மானம், எலும்புத் தேய்வு உள்ளவர்கள் இதைக் கையில் பிடித்து நடப்பதும் ஆபத்து. வண்டி இழுக்கவே பிறந்தது. ஈரமான சரிவில் ஓர் இழுப்பு இழுத்தால் இடுப்பெலும்பு முறியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 2017-ஆம் வருஷத்து விதிப்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும். தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாதவை என்று சில வெளிநாட்டு இனங்களைப் பட்டியல் போட்டார்கள். அதில் சைபீரியன் ஹஸ்கியும் இருந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் இனங்களைக் காப்பாற்றுவதும் அந்தக் கொள்கையின் நோக்கமாக இருந்தது. 'குட்டி போட்டு விற்றால் போட்ட காசு வந்து விடும்' என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். மலையில் கைவிடப்பட்ட ஹஸ்கிகளும் உண்டு. வளர்த்தே ஆக வேண்டும் என்றால் அப்படி ஒன்றைத் தேடி எடுத்து வளர்ப்பது புண்ணியம்.

மூன்று கேள்விகள்

அந்தத் தம்பதிக்கு வருகிறேன். இவ்வளவும் சொல்லி விட்டு, மூன்று கேள்வி கேட்டேன்.

"தினமும் இரண்டு வேளை, மழையிலும் நடக்க உங்கள் வீட்டில் யாருக்குக் கால் இருக்கிறது?"

"எனக்கு இருக்கு டாக்டர்" என்றார் கணவர்.

"கோடையில் வீட்டை விட்டு இறங்காமல் இருக்க முடியுமா?"

"முயற்சி பண்ணலாம்."

"ஹஸ்கி பன்னிரண்டு வருஷம், பதினான்கு வருஷம்கூட இருக்கும். இப்போது உங்களுக்கு அறுபத்தாறு. நாளைக்கு உங்கள் மகன் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டாலோ, நீங்கள் படுத்து விட்டாலோ அதை யார் பார்ப்பார்கள்?"

அவர் பதில் சொல்லவில்லை. மனைவிதான் மெதுவாகச் சொன்னார். "அதைத்தான் டாக்டர் நானும் ராத்திரி எல்லாம் யோசிக்கிறேன். எங்களையே யார் பார்ப்பாங்கன்னு தெரியலை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நான் அவர்களைக் கேத்தி ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பினேன். போலோவுக்கு இப்போது ஒன்பது வயது. ஆசிரியருக்கும் வயது ஏறி விட்டது. சாயங்கால நடைக்கு ஆள் தேவைப்பட்டது. இன்று மாலை நாலரை மணியானால் இவர் அங்கே போய் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். மனைவி, ஆசிரியரின் வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். நாய் வாங்கவில்லை. ஆனால் நாயால் கிடைக்க வேண்டியது கிடைத்து விட்டது.

உங்களுக்கும் அதே மூன்று கேள்விகள்தான். மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் தாராளமாக வளருங்கள். ஒன்றில் தயக்கம் இருந்தாலும், பக்கத்து வீட்டு நாயோடு நடந்து பாருங்கள். குட்டியின் நீலக் கண்ணைப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்து விடாதீர்கள்!